கணவாய் மதில் கேட்ட உயிர்

கூகைமலைக் கோட்டையை ஒரே ஆள் கட்டவில்லை. முதலில் ஆடு மாடு வைத்திருந்த ஒரு குடித்தலைவன், கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து மலையுச்சியில் கல்லடுக்கிப் பட்டி போட்டான். அவன் பேரன் அந்தப் பட்டியைச் சுற்றி மண்மதில் எழுப்பினான். பின்னால் வந்தவர்கள் அகழி வெட்டினார்கள், களஞ்சியம் கட்டினார்கள், சுனைக்குப் படி அமைத்தார்கள். முன்னவர் பயந்து அடுக்கியதன்மேல் அடுத்தவரும் பயந்து ஒரு வரிசை அடுக்கிவிட்டுப் போனார். அப்படித்தான் அது கோட்டை ஆனது.

மலைக்கு இரண்டு தலை. இரண்டுக்கும் நடுவே ஒரு தாழ்வு. அதைக் கணவாய் என்பார்கள். மற்ற பக்கமெல்லாம் செங்குத்துப் பாறை. எதிரி வந்தால் கணவாய் வழியாகத்தான் வரவேண்டும். கடைசிப் போரில் வடக்குப் படை அப்படித்தான் வந்தது. அங்கே இருந்த பழைய மண்மதிலை யானைகளை விட்டு முட்டித் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தது.

அந்தப் போருக்குப் பிறகு கோட்டைத் தலைவனாகப் பொறுப்பேற்றவன் பூதி. நாற்பதைத் தாண்டியவன். அதிகம் பேசமாட்டான், சொன்னதை முடிப்பான். கணவாயில் கருங்கல் மதில் எழுப்புவதைத்தான் முதல் வேலையாக எடுத்துக்கொண்டான்.

மதில் அழகாக வந்தது. வெளிமுகம் முழுக்கச் செதுக்கிய கல். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் கத்தி முனை போகாது. வீரர்கள் ஏறி நிற்பதற்காக உட்பக்கத்தில் மண்ணைக் கொட்டி, மதில் உயரத்துக்கு மேடாக்கியிருந்தான். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஐப்பசி மழையில் அது விழுந்தது.

பூதி அடித்தளத்தை இன்னும் அகலமாக்கி மறுபடி கட்டினான். அடுத்த ஐப்பசியில் மறுபடியும் விழுந்தது. அந்த முறை காவலிருந்த இருவர் கல்லுக்கடியில் போனார்கள். கல் இழுக்கும் காரி என்பவனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போயிற்று.

மூன்றாம் முறை மதில் எழும்பி முடியும்போது ஆடி மாதம். மழை ஓய்ந்து தடம் காய்ந்ததும் வடக்குப் படை மறுபடி வரும் என்று வணிகர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊரில் யாருக்கும் தூக்கம் இல்லை. கூகைமலையை ஆண்ட அரையர் தம் கணியரை அழைத்துக் கேட்டார். கணியர் சோழியை உருட்டிப் பார்த்தார், கண்ணை மூடினார், திறந்தார்.

"கணவாய்க்கு ஒரு காவல் தெய்வம் உண்டு. அது உயிர் கேட்கிறது. ஒன்று கொடுத்தால் மதில் நிற்கும்."

யாருடைய உயிர் என்ற கேள்வி எழுவதற்குள் காரி கழியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றான்.

"நான் போகிறேன். கோட்டைக்காகச் சாகிறவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி நிலம் தருவது வழக்கம். அதைத் தந்தால் போதும். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். கால் போன என்னால் இனி கல் இழுக்க முடியாது."

அரையர் ஒப்புக்கொண்டார். ஆடிப் பௌர்ணமி அன்று என்று நாள் குறித்தார்கள். குழி வெட்டும் பொறுப்பு பூதிக்கு.

கோட்டைக்கு எதிரே இருந்த பாறைக் குகையில் ஒரு சமணப் பெண் துறவி இருந்தார். பாடம் சொல்லும் பெண் துறவியரைக் குரத்தி என்பது அந்நாளைய வழக்கம். ஊரார் அவரைக் குரத்தியார் என்றே அழைத்தார்கள். பூதியைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவர் முன்னால் பூதி தரையில்தான் உட்காருவான். போரில் தன் கையால் இறந்தவர்களின் முகம் கண்ணை விட்டுப் போகாத நாட்களில் அவன் அந்தக் குகைக்கு முதன்முதலாக வந்தான். அதன் பிறகு வருவதை நிறுத்தவில்லை.

அன்று அவன் போனபோது குரத்தியார் மயிற்பீலியால் கற்படுக்கையில் ஊர்ந்த எறும்புகளை மெல்ல ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மையே, ஒரு கேள்வி."

"கேள்."

"பத்தாயிரம் பேர் பிழைப்பதற்காக ஒருவன் சாவது தவறா?"

குரத்தியார் எறும்புகளை ஒதுக்கி முடித்தார்.

"யார் சாகப்போவது?"

பூதி சொன்னான். மதில் விழுந்தது, கணியர் சொன்னது, காரி வந்து நின்றது, பௌர்ணமி, குழி எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் தாழ்ந்துகொண்டே போனது.

"மதில் எத்தனை உயிர் கேட்டது?"

"ஒன்று."

"காரியின் உயிர்தான் வேண்டும் என்றதா?"

"இல்லை. அவனாகத்தான் வந்தான்."

"கொன்று கொடு என்றதா?"

"பலி என்றால் அப்படித்தானே அம்மையே?"

"நான் உன்னைக் கேட்கிறேன்."

"உயிர் வேண்டும் என்று மட்டும்தான் கணியர் சொன்னார்."

குரத்தியார் எழுந்தார். பீலியையும் கமண்டலத்தையும் எடுத்துக்கொண்டார். அவருடைய உடைமை அவ்வளவுதான்.

"மழைக்காலம் வருகிறது. அது முடியும்வரை நாங்கள் ஓரிடத்திலேயே தங்க வேண்டும். எங்கே தங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வா."

அரையர் சபையில் இருந்தார். குரத்தியார் உள்ளே வந்ததும் எழுந்து நின்றார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

"மதிலுக்கு உயிர் வேண்டுமாமே. கொண்டு வந்திருக்கிறேன்."

அரையருக்கு முகம் வெளுத்தது. "அம்மா, நீங்கள் துறவி. உங்கள் மேல் கை வைத்தால் என் குலம் விளங்குமா?"

"கை வைக்க வேண்டாம். கணவாய் மதிலுக்கு வெளியே, அடியில் ஓர் இடம் கொடுங்கள். மழைக்காலம் முழுக்க அங்கேயே இருக்கிறேன்."

கணியர் தொண்டையைக் கனைத்தார். "தெய்வம் கேட்டது பலி."

"கேட்டது உயிர் என்று பூதி சொன்னான். செத்தபின் கொடுப்பது உயிரா, உடலா?"

கணியர் அரையரைப் பார்த்தார். அரையர் தரையைப் பார்த்தார்.

"மதில் விழுந்தால் அதன் அடியில்தான் நான் இருப்பேன்" என்றார் குரத்தியார். "அப்போது நீங்கள் கேட்ட பலியும் உங்களுக்குக் கிடைத்துவிடும். இதில் உங்களுக்கு என்ன நட்டம்?"

மழைக்காலம் முடிவதற்குள் அவர் அந்த இடத்தை விட்டு வேறிடம் போய்விட்டால் காரியைக் கொடுப்பது என்று கணியர் ஒரு நிபந்தனை வைத்தார். குரத்தியார் தலையசைத்தார்.

வெளியே வந்ததும் பூதிக்குக் கோபம் வந்தது. ஆசிரியர் மீது அவனுக்கு அதுவரை கோபம் வந்ததில்லை.

"நான் கேள்விதானே கேட்டேன்? பதில் சொல்லியிருக்கலாமே."

குரத்தியார் கணவாயை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

மதிலடியில் அவர் உட்கார்ந்த அன்று மாலையே காரி வந்துவிட்டான். கழியைத் தரையில் ஓங்கி ஊன்றினான்.

"என் சாவைப் பிடுங்கிக்கொள்ள நீங்கள் யார்?"

"உட்கார்" என்றார் குரத்தியார்.

"உட்கார வரவில்லை. அந்த நிலம் வந்திருந்தால் என் பெண்கள் பிழைத்திருப்பார்கள். இப்போது நிலமும் இல்லை, காலும் இல்லை. நான் உயிரோடு இருந்து என்ன செய்ய?"

"எனக்குத் தெரியாது."

காரி இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. சற்று நேரம் நின்றான். நிற்க முடியாமல் உட்கார்ந்தான். பிறகு அண்ணாந்து பார்த்தான். மேலே மதில், அதற்கு மேலே மேகம்.

"கூரைகூட இல்லாமல் இங்கே எப்படி இருப்பீர்கள்? மதில் விழுவதற்கு முன்னால் மழையே உங்களைக் கொன்றுவிடும்."

மறுநாள் அவனும் அவன் மனைவி நங்கையுமாகப் பனையோலை கொண்டுவந்து ஒரு குடிசை போட்டார்கள். போடும்போதெல்லாம் காரி திட்டிக்கொண்டே இருந்தான். நாள்தோறும் ஒருவேளை, பொழுது சாய்வதற்குள், நங்கை கையால் கொடுத்த கஞ்சியைக் குரத்தியார் கையேந்தி வாங்கி உண்டார்.

பூதி முதலில் காலையில் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனான். பிறகு மாலையிலும் வந்தான். ஆவணியில் ஒரு தூறல் விழுந்ததும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவந்தான். மதில் அசையாமல் நின்றது. குரத்தியார் கண்மூடி அமர்ந்திருந்தார். பூதி நனைந்துகொண்டே நின்றான்.

"உள்ளே வா, நனைகிறாய்" என்றார், கண்ணைத் திறக்காமல்.

அதன் பிறகு வானம் கறுத்தாலே பூதியின் கால் கணவாய்க்கு வந்துவிடும்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. பூதி வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஓர் ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு மதிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பான், திரும்புவான், மறுபடி நடப்பான். இந்த மதிலை மூன்று முறை கட்டியவன் அவன். ஆனால் மழையில் அதன் அருகே நின்றதில்லை. முன்பு இரண்டு முறையும், 'ஐயா, விழுந்துவிட்டது' என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் வந்து பார்த்திருக்கிறான்.

ஒருநாள் காலை மழை விட்டு வெயில் அடித்தது. உச்சிக்குள் கோட்டை முழுவதும் காய்ந்துவிட்டது. கிழக்கு மதில் காய்ந்தது, கொத்தளங்கள் காய்ந்தன, வாயில் மண்டபத்தின் கூரை ஆவி விட்டது. பூதி கணவாய் மதிலில் கையை வைத்தான். ஈரம். வைத்த கையை எடுத்துப் பார்த்தான். மறுபடி வைத்தான். கல் இடுக்குகளில் நீர் முத்து முத்தாக வெளியே வந்துகொண்டிருந்தது. இடுப்புக்கு மேலே காய்ந்த கல், கீழே வேர்த்த கல்.

சற்றுத் தள்ளி நின்று மதிலைப் பக்கவாட்டில் பார்த்தான். நடுவில் அதற்கு லேசாக வயிறு தள்ளியிருந்தது. நேற்று அப்படி இல்லை. இருந்ததோ, அவன்தான் பார்க்கவில்லையோ.

பூதி மலைமேல் ஓடினான். முதலில் ஒரு தலை, பிறகு மற்றது. நேற்றைய மழைநீர் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று புல் சாய்ந்திருந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினான். அங்கே ஓர் ஓடை, இங்கே ஒரு வழிசல். எல்லாம் சேர்ந்து சேர்ந்து அவனைக் கொண்டுவந்து விட்ட இடம் கணவாய். மதிலின் உட்பக்கம், அவன் கொட்டிய மண்மேடு. காவலன் ஒருவனிடமிருந்து ஈட்டியை வாங்கி அதில் குத்தினான். களியில் அகப்பை இறங்குவதுபோல் இறங்கியது. கையை விட்டால் முழுதும் போய்விடும்.

கணவாய் எதிரிக்கு மட்டும் வழி இல்லை. மலை உண்டான நாளிலிருந்து அது தண்ணீருக்கும் வழி.

தலைமைத் தச்சரை அழைத்தான். கல்வேலைக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

"பழைய மண்மதில் இத்தனை காலம் இங்கே நின்றதே. தண்ணீர் எப்படிப் போனது?"

"அடியில் பனந்தூம்பு வைத்திருந்தார்கள் ஐயா. பனைமரத்தைக் குடைந்து குழாயாகப் பதித்து."

"நாம் ஏன் வைக்கவில்லை?"

தச்சர் அவன் முகத்தைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசித்தார்.

"எலி நுழையும் துளைகூட இருக்கக்கூடாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

சொன்னது நினைவிருந்தது. யானை முட்டிச் சாய்த்த மதிலைப் பார்த்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சொல் அது.

"இப்போதே அடியில் துளை போட வேண்டும்."

"இப்போதா? அடிக்கல்லை உருவினால் மொத்த மதிலும் தலைமேல் வரும். மழை முடியட்டும் ஐயா. பிரித்துத் திரும்பக் கட்டுவோம்."

வடகிழக்கில் மேகம் திரண்டுகொண்டிருந்தது. பூதி அதைப் பார்த்தான், மதிலின் வயிற்றைப் பார்த்தான், அடியில் இருந்த ஓலைக் குடிசையைப் பார்த்தான். குடிசைக்குப் போனான்.

"அம்மையே, எழுந்து வாருங்கள். காரணம் தெரிந்துவிட்டது. தெய்வமும் இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணீர். இந்த மழைக்கு இது தாங்காது. பிரித்துக் கட்டிவிடுகிறேன். எழுந்திருங்கள்."

"மழைக்காலம் முடியவில்லை, பூதி."

"அம்மையே!"

"நான் எழுந்தால் காரிக்குக் குழி வெட்டுவார்கள். கணியரின் நிபந்தனை அது."

"நான் அரையரிடம் பேசுகிறேன்."

"நீ பேசி முடிப்பதற்குள் மழை வந்துவிடும்."

"ஒரு நோன்புக்காகவும் ஒரு நிபந்தனைக்காகவும் உயிரை விடுவதா? என்ன நியாயம் இது?"

"நல்ல கேள்வி. இதை நீ ஆடி மாதத்தில் கேட்டிருக்கலாம்."

பூதி வெளியே வந்தான். தச்சரின் ஆட்களைக் கூப்பிட்டான். ஒருவரும் முன்வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. போன வருடம் புதைந்த இருவரையும் தோண்டி எடுத்தவர்கள் அவர்கள்தான். பூதி தானே கடப்பாரையை எடுத்தான். மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, மதில் எங்கே மிகத் தாழ்வாக இருந்ததோ அங்கே, குடிசைக்கு நாலு எட்டுத் தள்ளி, மண்டியிட்டான்.

இரண்டு குத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. இது வாள் பிடிக்கும் வேலை இல்லை.

"அப்படிக் குத்தினால் கல் உடையும், வராது" என்றது ஒரு குரல். காரி. கழியை எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து வந்தான். "நீங்கள் அந்தப் பக்கம் நெம்புங்கள். நான் இந்தப் பக்கம் பிடித்துக்கொள்கிறேன்."

"நீ போ. உனக்குப் பெண்கள் இருக்கிறார்கள்."

"போன பௌர்ணமியிலேயே போயிருக்க வேண்டியவன்தானே ஐயா நான்? நெம்புங்கள்."

ஆடிப் பௌர்ணமி கழிந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அதைத் திருத்தப் பூதிக்கு அப்போது நேரம் இல்லை. நெம்பினான்.

முதல் துளி மழை விழுந்தது. கல் அசைந்தது. தலைக்கு மேலே எங்கோ, கல்லோடு கல் உரசும் சத்தம் கேட்டது. தச்சர் தூரத்திலிருந்து 'வந்துவிடுங்கள், வந்துவிடுங்கள்' என்று கத்தினார். பூதி ஒருமுறை குடிசைப் பக்கம் திரும்பினான். குரத்தியார் இருந்த இடத்திலேயே இருந்தார். அவருடைய கண்கள் திறந்திருந்தன. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு முறை" என்றான் காரி.

கல் விரலளவு வெளியே வந்தது. இடுக்கிலிருந்து செந்நீர் பீய்ச்சி அடித்தது, பூதியின் மார்பில். அடுத்த நெம்பலில் கல்லைத் தண்ணீரே வெளியே தள்ளிவிட்டது. இருவரும் பக்கத்தில் உருண்டார்கள். மாதக்கணக்கில் உள்ளே அடைபட்டிருந்த சேறும் நீரும் ஒரு மாட்டின் முதுகளவு திரண்டு பாய்ந்து வந்தன.

மதில் ஒருமுறை முனகியது. பிறகு சத்தம் நின்றது.

தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் செம்மண் நிறம். பிறகு மோர் நிறம். குடிசைக்குள்ளும் அது புகுந்துவிட்டது. குரத்தியார் பீலியால் மிதந்து வந்த எறும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து, காய்ந்திருந்த ஒரு கல்லின்மேல் விட்டுக்கொண்டிருந்தார். பூதி சேற்றில் மல்லாந்து கிடந்தபடி அதைப் பார்த்தான். சிரிப்பு வந்தது. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று அவனுக்குத் தெரியவில்லை. நங்கை ஓடிவந்து கணவனைத் தூக்கி உட்காரவைத்து, முதுகில் ஓர் அடி வைத்தாள்.

மழை விடிய விடியக் கொட்டியது. துளை விடிய விடியக் கக்கியது. பொழுது புலர்ந்தபோது மதில் நின்றுகொண்டிருந்தது. ஊரே திரண்டு வந்து பார்த்தது. கணியரும் வந்தார். மதிலைத் தொட்டுப் பார்த்தார். ஓடும் நீரைக் கையில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரும்பிப் போனார்.

மழை இடைவிட்ட நாட்களில் தச்சர் அந்தத் துளையையும், அதன் இருபக்கமும் இன்னும் சிலவற்றையும் கல்தூம்பாகச் செய்தார். உள்ளே வளைந்து போகும்படி அமைத்தார். தண்ணீர் வளைந்து வரும், ஆள் வளைந்து நுழைய முடியாது. தையில் வடக்குப் படை வந்து, கணவாய்க்கு எதிரே பாளையம் இறங்கி, மதிலைப் பல நாள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது பிறகு நடந்த விஷயம்.

அதற்கு முன்பே பூதி அரையரிடம் போனான்.

"காரிக்கு நிலம் கொடுக்க வேண்டும்."

"உதிரப்பட்டி செத்தவன் வீட்டுக்குத் தருவது. அவன்தான் சாகவில்லையே."

"தூம்பில் சருகும் சேறும் அடைத்தால் மதில் மறுபடி விழும். அதை ஒருவன் நாள்தோறும் பார்க்க வேண்டும். சாகிறவனுக்குத் தருகிற நிலத்தை, இருந்து காக்கிறவனுக்குத் தாருங்கள்."

"அப்படி ஒரு வழக்கம் இல்லையே."

"இனிமேல் இருக்கட்டும்."

அரையர் ஒப்புக்கொண்டார். ஏரிக்குக் கீழே, நீர் பாயும் நல்ல நிலமாகவே கொடுத்தார்.

கார்த்திகை முடிந்தது. மழைக்கால நோன்பும் முடிந்தது. குரத்தியார் பீலியையும் கமண்டலத்தையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பூதி கணவாய்ப் பாதையில் உடன் நடந்தான். வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. சரிவெல்லாம் பச்சை.

"அம்மையே, தண்ணீர்தான் காரணம் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"குகையில் இருப்பவளுக்கு மதிலைப் பற்றி என்ன தெரியும்?"

"அப்படியென்றால் அது விழுந்திருக்கலாம்."

"விழுந்திருக்கலாம்."

பாதை திரும்பும் இடத்தில் பூதி நின்றான்.

"ஒன்று சொல்ல வேண்டும். சொல்ல நாக்கு கூசுகிறது."

"சொல்."

"நீங்கள் அங்கே இருந்ததால்தான் நான் மழையில் வந்து நின்றேன். காரியைப் புதைத்திருந்தால் நின்றிருக்க மாட்டேன். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டோம் என்று வீட்டில் படுத்துத் தூங்கியிருப்பேன்."

குரத்தியார் திரும்பிப் பார்த்தார். கீழே காரி கழியை மதிலில் சாய்த்துவைத்துவிட்டு, தூம்பின் வாயில் சேர்ந்திருந்த சருகுகளை வாரிக்கொண்டிருந்தான். அவன் பெண்கள் இருவரும் வெளியே வரும் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நின்றார்கள்.

"இனி நிற்பாய்" என்றார்.